கழுவக் கூடாத கண்ணாடி

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி

ஆடி வெள்ளி. விடியும் முன்பே வீட்டைக் கழுவி, விளக்கைத் துலக்கி, கையோடு மீன் தொட்டியையும் தேய்த்துக் கழுவினேன். பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று கிடந்தது. நாத்தனார் தங்கலட்சுமி வீட்டுப் பொருள் வேறு எப்படி இருக்கும்! ஓசூருக்குக் குடிபோகிறபோது இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, "தங்கமீனுக்கு மட்டும் இரை போடுங்க மதினி. இந்தக் கறுப்பு மீனு கிளீனரு. அதுக்கு ஒண்ணும் போட வேணாம், அழுக்கத் தின்னுட்டுக் கெடக்கும்" என்றாள்.

எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று ஒரு வருஷம் என்னோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்தவள். அவளாகவே வந்து என்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அதற்காகவாவது தொட்டி பளபளவென்று இருக்க வேண்டாமா?

"பைப்புல தண்ணி வாரதே எப்பவோ ஒரு நாளு. அதையும் மீனு வீட்டக் கழுவவா?" என்று முனகினார் வீட்டுக்காரர். மீனுக்கும் இன்றைக்கு வெள்ளிக்கிழமைதான் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கழுவியாயிற்று. கூழாங்கல்லைக்கூட விடவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மனசே சரியில்லை. தொட்டியைத் துடைக்கும்போது கறுப்பு மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றது. அடிவயிறு அப்படியே தெரிந்தது. ஒட்டிப்போய், குழி விழுந்து — கண்ணும் உள்ளே போயிருக்கிறது. வந்தபோது இப்படியா இருந்தது?

செத்துகித்துப் போனால்? மதினி கைக்குப் போச்சு, மீனும் போச்சு என்று சொல்வாள். சொல்லட்டும், அது கூடப் பரவால்ல. மறுபடியும் பேசாமப் போயிட்டான்னா? ஒரு வருஷம் பட்டது போதாதா எனக்கு?

ஆகஸ்ட் 17, சனி

டவுன் பஸ் பிடித்து அருப்புக்கோட்டையில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஹரி. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"இது பிளக்கோங்கிற மீனுக்கா. என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் போடல. அழுக்கத் திங்கும்ல?"

"அழுக்கு எங்கக்கா இருக்கு? தொட்டி ஆஸ்பத்திரி கணக்கால்ல இருக்கு!"

அது அழுக்கைத் தின்பதில்லையாம், பாசியைத்தான் சுரண்டித் தின்னுமாம். தங்கமீன் இரை மிதக்கிற இரை. மேலேயே தீர்ந்துவிடும், அடியில் கிடக்கிற இதற்குக் கிடைக்காது. வெளிச்சம் போன பிறகுதான் அதற்குப் பசியும் எடுக்குமாம். "பாசிதான்க்கா அதுக்குச் சோறு. நீங்க வாரா வாரம் சோத்துப் பானையக் கழுவிக் கவுத்துருக்கீங்க" என்றார். அடியில் அமிழ்கிற மாத்திரை இரையும், சுரண்டுவதற்கு ஒரு மரக்கட்டையும் தந்தார். காய்கறியும் போடச் சொன்னார்.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. சுத்தம் சுத்தம் என்று ஒரு உயிரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுரைக்காயை உப்பில்லாமல் அரைவேக்காடாக வேகவைத்துப் போட்டேன். மிதந்தது. தங்கமீன்கள் கொத்தித் தீர்த்தன. "கொஞ்சம் புளியும் மொளகாயும் போட்டு எறக்கு, வருவாக" என்கிறார் இவர். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. கடைசியில் இவரே எவர்சில்வர் கரண்டியில் வெள்ளரித் துண்டை நூல் போட்டுக் கட்டி, அடியில் இறக்கிவிட்டு விளக்கை அணைத்தார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தின்றிருக்கிறது! சதையை எல்லாம் சுரண்டிவிட்டுத் தோலை வளையமாக விட்டிருக்கிறது. தண்ணீர் நாறிவிடும் என்று மிச்சத்தை உடனே எடுத்துவிட்டேன். காலை முழுக்க எனக்குச் சிரித்த முகம்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வீட்டைக் கழுவினேன். தொட்டியில் முன்பக்கம் மட்டும், நாம் பார்க்கிற அளவுக்கு. மற்ற மூன்று பக்கமும் அதன் பாடு. கை துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டேன்.

மறைத்து வைக்க முடியவில்லை. தங்கலட்சுமிக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். திடீரென்று சிரிக்கிறாள். "நானும் ஒரு நாளும் அதுக்கு இரை போட்டதில்ல மதினி. ஆனா நான் எங்க தொட்டியக் கழுவுனேன்?"

அவள் சோம்பலில் ஒரு உயிர் கொழுத்து வளர்ந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

செப்டம்பர் 15, ஞாயிறு

வயிறு உருண்டுவிட்டது. பூசணியைவிடப் பீர்க்கங்காய்தான் இஷ்டம். கேரட் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கட்டையை விட்டு அசைவதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. தங்கலட்சுமி நேற்றே வந்துவிட்டாள். காலையில் எழுந்து வந்தால் தொட்டி பளிங்காக நிற்கிறது. நாலு பக்கமும்! பக்கத்தில் இவள், முழங்கை வரை நனைந்துபோய், கையில் தேங்காய் நாரோடு. ஒரு டம்ளரை ஒழுங்காகக் கழுவியறியாதவள்.

"ஒங்களுக்கு அழுக்குன்னா ஆகாதுல்ல மதினி. எனக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான வச்சிருந்தீக? அதான் இப்பக் காயி போடுறீகளே, பாசி எதுக்குன்னு..."

"அடி பாவி மகளே, அம்புட்டுப் பாசியவும் சுரண்டிட்டியேடி!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் பயம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நாரை வாளியில் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தவள், "பாசி பிடிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன் மதினி" என்கிறாள்.

இரு என்றேன்.