பலாக்காய்ப் பெருநாள்

லப்பைக்குடிக்காடு
12.6.2025

அன்பு மகன் வாசிமுக்கு,

அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அஃப்ஷானும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். நம் வீட்டில் போன் என்பது ஒலிபெருக்கி. நீ அங்கே இருமினால் உன் அம்மா இங்கே கட்டிலில் படுத்தபடி கஷாயம் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நான் எழுதுவதை மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உனக்கு முன்பே அவள் படித்துவிடுகிறாள். எதிர்வீட்டு ஜாவித் சனிக்கிழமை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

போன மாதம் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போய் வந்தபின் நீ போனில் கேட்டாய். ‘அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் மோசமில்ல’ என்று சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னேன். நடந்தது வேறு.

டாக்டர் சுகன்யாவை நீ பார்த்ததில்லை. எட்டு மாதமாக அம்மாவின் இதயம் அந்தப் பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, நெய், டால்டா, தேங்காய்ப்பால், கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கூடாது. உப்பு நாளைக்கு அரை டீஸ்பூன். தண்ணீர் ஒன்றரை லிட்டர். உன் அம்மா அந்தத் தாளை நான் படிக்கக் கடைசிவரை கேட்டுவிட்டு, ‘அப்ப தட்டு மட்டும் இருக்கு, அதக் கழுவி வச்சிக்கிறேன்’ என்றாள். ஆனாலும் எட்டு மாதமும் கடைப்பிடித்தாள். ஒரு துண்டு அப்பளத்துக்காக அந்த டாக்டர் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தபின், அம்மா இரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயம் நூற்றில் பதினைந்து பங்குதான் வேலை செய்கிறது என்றார். மருந்தை இதற்குமேல் கூட்ட இடமில்லை என்றார். பிறகு பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே, ‘இனிமே அம்மாவ ரொம்பக் கட்டுப்படுத்த வேணாம் சார். ஆசைப்பட்டதக் கொடுங்க’ என்றார். அப்பளத்துக்குத் திட்டிய அதே பெண்தான். எனக்கு அப்போது அவர் திட்டினால் போதும் என்று இருந்தது.

‘ஆசைப்பட்டதக் கொடுங்க’ என்று டாக்டர் சொன்னால் நம் ஊரில் என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உன் பெரியம்மாவுக்குப் பெரம்பலூரில் இதே வார்த்தையைச் சொன்ன அன்று சாயங்காலமே, எந்தெந்த ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டவள் அவள்தான்.

அதனால் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் வெளியே வந்து, ‘என்னங்க சொன்னுச்சு டாக்டரம்மா?’ என்று கேட்டபோது, எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ‘இன்னும் கண்டிப்பா இருக்கணுமாம். கறி வாசனையே ஆகாதாம்.’ அவள் முகம் வாடிவிட்டது. பஸ் சமயபுரம் தாண்டியது. அப்புறம், ‘இவ்வளவு கண்டிப்பு பண்றாங்கன்னா பொழைக்க வச்சிரலாம்னு நம்பிக்கை இருக்குன்னுதானே அர்த்தம்?’ என்றாள். ஆமாம் என்றேன். பாடாலூரில் பஸ் நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு வாங்கச் சொல்லி, உப்பு மிளகாய்த்தூள் போடாமல் ஒன்று முழுவதையும் தின்றாள். வாசிம், நான் அன்றைக்குப் பார்த்தது ஒரு நோயாளியின் உற்சாகம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொய் சொல்வதில் உள்ள தொந்தரவு, சொன்னவனே அதற்குச் சமைத்தும் போட வேண்டும் என்பதுதான். மூன்று வாரத்தில் ஹஜ்ஜுப் பெருநாள். கறி வாசனையே ஆகாது என்று நான் சொல்லியாகிவிட்டது. குர்பானி கொடுக்கிற வீட்டில், இருபத்து மூன்று பேர் சாப்பிட வருகிற நாளில், காய்கறி விருந்து. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய், குர்பானிக் கறி முழுவதையும் தானம் செய்துவிட்டு வீட்டுக்கு ஒரு துண்டும் எடுக்காமல் இருக்கலாமா என்று கேட்டேன். கூடும் என்றார். பிறகு, ‘வூட்ல எதுவும் சண்டையா பாய்?’ என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஆட்டை உன் நத்தர்ஷா மாமா வீட்டுக் கொல்லையில் அறுப்பது என்று முடிவானது. சமையல் நானும் சமீராவும். உன் தங்கை பெரம்பலூரிலிருந்து நான்கு நாள் முன்பே வந்துவிட்டாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியாது. அவள் மனசில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும். போனில் ஒரு பெண்மணியின் சமையல் காணொளிகளைப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண்மணி பலாக்காயைக் கறி என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார், முந்திரியைப் பால் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார், எலுமிச்சையை உப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். இவ்வளவு நினைத்துக்கொள்ள முடிந்தால் சமைக்கவே வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். சமீரா சிரிக்கவில்லை.

பலாக்காயும் முந்திரியும் ஆண்டிமடத்திலிருந்து வந்தன. பருவம் முடிந்த காய். பாதிக்குமேல் பழுக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டு வந்திருந்தன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினேன். அப்படியும் மூன்று நாள் என் விரல்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. தொழுகையில் கையைக் கட்டினால் பிரிக்கச் சிரமமாக இருந்தது. சீரகச் சம்பா அரிசியில் பலாக்காய் பிரியாணி, எண்ணெய் நான்கு கரண்டி. எலும்பு போடாமல் சுரைக்காயும் கத்திரிக்காயும் போட்டுத் தால்ச்சா. தயிருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த வெள்ளரி வெங்காயம். வருடா வருடம் முட்டையும் நெய்யும் ஊற்றிக் கிண்டுகிற தம்ரூட் கிடையாது; முந்திரியை அரைத்துப் பிழிந்த பாலில் பேரீச்சம்பழப் பாயசம். உப்பு யாருக்கு வேண்டுமோ அவரவர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தோம். அந்தக் கிண்ணம் இரண்டு முறை காலியானது.

உன் அம்மா சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலை ஏவினாள். நிற்க முடியாது, பேச முடியும். ‘தம் போடுறதுன்னா மூடிய வச்சிட்டு போறது இல்ல, அது என்ன ஆஸ்பத்திரில தூங்குற ஆளா, எட்டி எட்டிப் பாக்குறீங்க?’ என்றாள். நாற்பத்தோரு வருடத்தில் நான் ஒரு முழுச் சாப்பாடு சமைத்து அவள் பார்ப்பது இதுவே முதல் தடவை. 

பெருநாள் காலையில் நடந்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. தொழுகை முடிந்து, குர்பானி முடிந்து, அந்த ஆட்டின் ஈரலை மிளகு போட்டு வதக்கிக் கொண்டுவரும்வரை யாரும் வாயில் எதையும் வைப்பதில்லை. அம்மாவை மாத்திரைக்காக முன்பே சாப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். நான் ஈத்காவில் தொழுதுவிட்டு வந்தபோது புதுச் சேலை கட்டி, காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இட்லியும் காய்கறிக் குருமாவும் கொண்டுவந்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, ‘கறி வேணாங்க. ஈரல்ல ஒரே ஒரு துண்டு. நகத்தளவு. பேருக்கு’ என்றாள்.

டாக்டர் கொடுக்கச் சொல்லியிருந்தார். மார்க்கத்தில் தடை இல்லை. நான்கு வீடு தள்ளி அது சட்டியில் வதங்கிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொன்னேன். சொல்லும்போது குரலையும் உயர்த்தினேன். கண்டிப்பு உண்மை என்று தெரிய வேண்டும் அல்லவா. ‘நீங்க மனுசன் இல்ல, ஜெயிலர்’ என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டாள். ஒன்றரை இட்லி சாப்பிட்டாள்.

மதியம் எல்லாரும் வந்தார்கள். நத்தர்ஷா மாமா, நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கை வைத்ததும் கிளறிக் கிளறிப் பார்த்தார். தொலைந்த மோதிரத்தைத் தேடுகிறவர் போல இருந்தது. பிறகு, ‘மச்சான், நம்ம செல்லதுரை அப்பா கருமாதிக்கு இப்படித்தான் போட்டாங்க. அங்கயாவது வடை இருந்துச்சு’ என்றார். இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். உன் அம்மா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்து, மூச்சு வாங்கி, சமீரா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். என் சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிரியாணி நன்றாக இருந்ததாக ஒருவர் மட்டும் சொன்னார். அவர் இரண்டு வருடம் முன்பு நாக்கில் ருசி போனவர்.

சாயங்காலம் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. மூன்று தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். மின்விசிறியைப் பார்த்தபடி, ‘அடுத்த பெருநாளைக்கு எனக்கு ரெண்டு வருசத்து ஈரல் பாக்கி, சொல்லிட்டேன்’ என்றாள். சரி என்றேன். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதியாக எழுதியிருப்பேன். மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மனசு கேட்கவில்லை. நத்தர்ஷா மாமா வீட்டில் இருந்த மிச்ச ஈரலை மிளகு போட்டு வதக்கித் தரச் சொல்லி, டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டு நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே போக முடியவில்லை. நான் அதைத் தட்டில் வைத்த உடனே அவள் தட்டைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று பட்டியல் போடத் தொடங்குவாள். திரும்பி நடந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தின் ஓரம் வெயிலில் நின்று, முழுவதையும் நானே தின்றேன். கொட்டிவிடலாம் என்றால் குர்பானிப் பொருள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மற்றபடி ஊரில் சுகம். மழை இல்லை. ஆற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை; பாலம் மட்டும் கடமைக்கு நிற்கிறது. மேல் மாடிக் கதவைச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படி. டிசம்பரில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னாய். நல்ல யோசனை. டிசம்பரில் அவர்கள் வரட்டும். நீ இப்போது வா. கம்பெனியில் பத்து நாள் கட்டாய விடுப்பு கொடுத்துவிட்டார்கள், சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். அவள் நம்புவாள், உன் கம்பெனியைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குள் வா. அழுவதென்றால் திருச்சி விமான நிலையத்திலேயே முடித்துவிட்டு வா.

வந்த மறுநாள் மதியம் நான் லுஹர் தொழப் போகும் நேரம் பார்த்துக் கடைக்குப் போய் ஈரல் வாங்கி வா. சமீராவிடம் சொல்லி வதக்கு. உப்புப் போடு. எனக்குத் தெரியாமல் அம்மாவுக்கு ஊட்டு. ‘அத்தா கிடக்கிறார், நீ சாப்பிடும்மா’ என்று சொல். நீ சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். மகன் கொடுத்ததைத் தின்பதற்கு டாக்டர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் சீக்கிரமே திரும்பி வந்து கண்டுபிடித்துவிடுவேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவேன். உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்வேன். நீ போகாதே. மறுநாளும் வாங்கி வா.

அவள் பயந்து பயந்து சாப்பிட வேண்டும் வாசிம். நான் பார்த்துவிடுவேனோ என்பதைத் தவிர வேறு எந்தப் பயமும் அவளுக்கு இருக்கக் கூடாது.

உன் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கித் தரட்டும்.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் லத்தீப்