சவரிக்கால்

3 பிப்ரவரி 1935

மணியக்காரர் பஞ்சாட்சர முதலியார் தெருமுனை வரை வந்து அப்பாவைக் கூப்பிட்டார். உள்ளே வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. கீழ்மணலூரின் வரலாற்றையும் ஊர்ப் பெரியோர்களைப் பற்றியும் நான் எழுதி வாசிக்க வேண்டுமாம்.

"பி.ஏ. முடிச்ச பொண்ணு, ரெண்டு பக்கம் எழுதாதா?"

பள்ளியில் காலியாக இருக்கும் ஆசிரியை வேலையும் அவர் கையில்தான். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வேலை முடித்து வந்த களைப்பே அப்பா முகத்தில் இல்லை. மேடையில் பேசுவதா — நானா?

10 பிப்ரவரி

தோல் ஷாப்பு முதலாளி ஹயாத் பாஷாவிடம், அவர் தந்தையைப் பற்றிக் கேட்கப் போனேன். "எங்க அப்பாவ அப்புறம் எழுதிக்கோ. சவரிய எழுதினியாம்மா? உங்க தெரு ஆளு" என்றார்.

ஒவ்வொரு கோடையிலும் பாலாற்று மணலில் ஊற்றுத் தண்ணீருக்கு வெட்டும் கால்வாயை, ஊற்றுக்காலை, ஊரே சவரிக்கால் என்றுதான் சொல்கிறது. பஞ்சத்தில் ஆறு வறண்டபோது, விடியற்காலையில் வெறுங்காலோடு மணலில் நடந்து, சில்லென்று இருந்த இடத்தில் வெட்டச் சொன்னவர் அவர். இன்றைக்கும் மேல்துறை ஊருக்கு, கீழ்த்துறை எங்கள் தெருவுக்கு. பக்கத்து வீட்டு அன்னம்மாள் அக்கா அவர் மகள்.

எல்லாம் எனக்குத் தெரியும். எழுதத்தான் தோன்றவில்லை.

17 பிப்ரவரி

எழுதியதை மணியக்காரரிடம் காட்டினேன். சவரியைப் பற்றிய வரிகளை அடித்துவிட்டார். "அது கால்வாய் பேரும்மா. பெரியவங்க வரிசையில எங்கேருந்து வந்துச்சு?" கடைசியில் என் பெயரை அவரே சேர்த்தார் — ஊரின் முதல் பெண் பட்டதாரி. "உங்க தெருவுக்கு இது போதாதா?"

சரிங்க என்றேன். இந்த வாய்க்கு வேறென்ன தெரியும்?

18 பிப்ரவரி

அன்னம்மாள் அக்கா கேட்டாள்: "எங்கப்பன பத்தி இன்னாடி எழுதினே? அன்னிக்கு வேலைக்குக்கூட போவாம வந்து கேப்பேன்."

அடுப்பில் உலை இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

24 பிப்ரவரி

விழா. எங்கள் தெருக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினேன். அதை வாசிக்காமல், அந்த இடத்தில் சவரியைச் சொன்னேன். அவர் மணலில் நடந்ததை, எல்லாரும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை.

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த, ஊரிலேயே மூத்த அருணகிரி நாயக்கர் மட்டும், "ஆமா, நெட்டையா இருப்பான்" என்றார். மணியக்காரர் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தட்டை எடுத்து வைத்தார். பிறகு, "வேலை போச்சு போ. சாப்பிடு."

20 மார்ச்

அந்த வேலைக்கு ஆற்காட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார்.

28 ஏப்ரல்

ஜூனில் குடியாத்தம் போகிறேன். மிஷன் பள்ளியில் வேலை.

இன்று ஊற்றுக்கால் வெட்டினார்கள். கரையில் நின்று ஆட்களை ஏவிய மணியக்காரர், "அந்தக் கால்", "ஆத்துக்கால்" என்றே சொன்னார். இத்தனை வருடம் வாய் நிறையச் சொன்ன பெயர் அவர் வாயில் வரவில்லை. இருந்த பெயரையும் நான்தான் கெடுத்தேனா?

கீழ்த்துறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள்.

"புருசன் பேர சொல்லாத பொண்டாட்டி மாதிரி முழிக்கிறாரு, பாத்தியா! இத்தினி நாளு கால்வாய் பேர சொல்லிக்கினு இருந்தாரு. இப்பதான்டி எங்கப்பன் பேர சொல்ல மாட்டேங்கிறாரு."