உன் சிம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

மருமகள் பூவிழிக்கு, அத்தை சிவசங்கரி ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் என் மகன் முகிலனும் அந்த பிரான்ஸ் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதுகிறேனே என்று திகைக்காதே. அங்கிருந்து லீவில் வந்த ஜெயத்தின் பையில் அதை வைத்து, கருவடிக்குப்பத்தில் உன் அம்மா வீட்டில் சேர்க்கச் சொன்னாயாம். ஜெயம் யார்? என் சித்தி மகள். நேராக என்னிடம்தான் கொண்டுவந்தாள். பிரித்துப் படித்தேன். புகுந்த வீட்டுச் சங்கதியைப் பிறந்த வீட்டுக்கு எழுதுகிறவளின் கடிதத்தைப் பிரிக்காமல் பூஜை அறையிலா வைப்பார்கள்?

அடேயப்பா, என்னென்ன எழுதியிருக்கிறாய்! வீட்டில் போன் இல்லை, நெட் இல்லை. கனெக்‌ஷன் கேட்டுப் போனால் பேங்க் கணக்கு கேட்கிறார்கள். பேங்குக்குப் போனால் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். கரண்டு பில் முகிலன் பேரில் இருக்கிறது. 'இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்' என்று அவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், அதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறான். போனதிலிருந்து அம்மா குரலையே கேட்கவில்லை. இதுதானே உன் புகார்? அவன் சோம்பேறி இல்லையம்மா. போடாதே என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். மூத்தவன் ராஜாவுக்குக் கட்டிவைத்தோமே, மாலா, அவள் போய் இறங்கின வாரமே போன் வாங்கித் தந்தான், வீட்டில் நெட்டுக்குப் பாக்ஸ் மாட்டினான். பகலெல்லாம் அம்மாவோடு பேச்சு, அக்காவோடு பேச்சு, யார் யாரோ யோசனை சொல்ல. அங்கேயே தங்குவதற்கான பத்து வருஷக் கார்டு கைக்கு வந்ததும் அவனை விட்டு மூட்டையைக் கட்டிவிட்டாள். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்று சிப்பாயாகக் கிடந்து வாங்கிய நேஷனாலிட்டி, கண்டவள் ஏறிப்போக ஏணியா? ஒரு தரம் பட்டது போதும்.

பேங்க் ஓடிபி வரும், என்னிடமே இருக்கட்டும் என்று ஏர்போர்ட்டில் உன் சிம்மை வாங்கிக்கொண்டேனே, பத்திரமாக இருக்கிறது. என் பழைய போனில் போட்டு, வாட்ஸ்அப்பும் ஏற்றிவிட்டேன். உன் அம்மா கொளஞ்சி தினமும் காலையில் குரல் அனுப்புவாள். "பூவு, சாப்ட்டியா? குளுருக்குக் காதை மூடிக்கினியா?" என்று. நானும் உன் பேரில் பதில் போட்டுவிடுவேன். சாப்ட்டேம்மா. மூடிக்கினேம்மா. கூடவே ஒரு பூப்படம். சொல்லப்போனால் நீகூட இவ்வளவு ஒழுங்காகப் பதில் போட்டிருக்க மாட்டாய். "ஏண்டி வாயத் தொறந்து பேச மாட்ற, எம்மேல கோவமா?" என்று ஒரு நாள் அழுதாள். போனில் மைக் கெட்டுப்போச்சு என்று எழுதினேன். நம்பிவிட்டாள் பாவம், வெள்ளந்தி.

உன் தம்பி செல்வகுமார் அப்படி இல்லை. வீட்டுக்கே வந்து, அக்காவோட பிரான்ஸ் நம்பரைக் குடுங்க என்று நின்றான். அவள் பழைய நம்பரைத்தானே வைத்திருக்கிறாள் என்றேன். போட்ட காப்பியைக்கூடத் தொடாமல் போனான். என்ன திமிர்!

அப்புறம், அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிற தமிழ் அம்மாளின் நம்பரை எழுதி, அதில் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தாய். முகிலனிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் இப்போதெல்லாம் மளிகையை அவனே வாங்கி வருகிறான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்த இரண்டொரு நாளில் உன் அம்மாவுக்கு மார்வலி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவளிடமிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ள இட்டுக்கினு போறாங்கடி. ஒரே ஒரு வாட்டி அம்மான்னு சொல்லு, கேட்டுட்டுப் போறேன்" என்றாள். நான் என்ன செய்ய? எழுத்து என்றால் உன் பேரில் எழுதிவிடலாம், குரலுக்கு எங்கே போவேன்? வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்று போட்டேன். நீல டிக் விழுந்தது. படித்துவிட்டுத்தான் போனாள், அந்த மட்டும் நிம்மதி.

மறுநாள் செல்வகுமார் கேட்டிருந்தான், "அக்கா, ஐஸ் பெட்டில வச்சிருக்கோம். நீ வர்றியா, இல்ல எடுத்துடவா?" என்று. டிக்கெட், பேப்பர் என்று உனக்கு எத்தனை தொல்லை! என்னால வர முடியாது, எடுத்துடுங்க என்று நானே பதில் போட்டுவிட்டேன். கருமாதியும் முடிந்தது. எடுக்கிற அன்றைக்கே நான் போய் மாலை போட்டு, உன் பேரில் ஒரு புதுப்புடவையும் போர்த்திவிட்டு வந்தேன். பெத்தவ சாவுக்கு வராதவ எல்லாம் ஒரு பொண்ணா என்று தெருப் பெண்கள் உன்னைத்தான் கரித்துக்கொட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. செல்வகுமார் உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். இனி உன் முகத்தில் முழிக்க மாட்டானாம்.

லீவு முடிந்து திரும்புகிற ஜெயத்திடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். முகிலனிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுடா என்று. பேங்க், போன், பாக்ஸ் எல்லாம் சீக்கிரமே வந்துவிடும். இனிமேல் நீ யாரோடு பேசப்போகிறாய், எனக்கென்ன பயம்?

அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தாயில்லாத பெண்ணுக்கு நான் இருக்கிறேன். மஞ்சள் குங்குமத்தோடு, என் பிள்ளை பேச்சுக்கு அடங்கி, நூறு வயசு நன்றாக இரு. போன் வந்ததும் முதல் முதலாக எனக்குத்தான் கூப்பிட வேண்டும். உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

ஆசிகளுடன்,
உன் அத்தை
சிவசங்கரி