கோயிலுக்கு எந்தப் பக்கம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
14 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி உதயாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம்முடைய கறிவேப்பிலை மரமும் சுகமாக இருக்கட்டும். என்னுடைய மூன்று சாடிகளில் ஒன்று இலை முழுக்கக் கொட்டிவிட்டு வெறுங்கம்பாக நிற்கிறது. மற்ற இரண்டும் விளக்கின் கீழே தப்பிப் பிழைக்கின்றன. அந்த ஊதா வெளிச்சம் யன்னலால் தெரிகிறது என்று பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவர் கதவைத் தட்டி, என்ன வளர்க்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். கஞ்சா என்று நினைத்துவிட்டார் போல. ஒரு கொத்து முறித்துக் கொடுத்து மணந்து பார்க்கச் சொன்னேன். மணந்த பிறகும் அவருடைய சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். வருகிற யூலையில் நான் காரில் ஐரோப்பாவைச் சுற்றப் போகிறேன். எங்கள் கறிவேப்பிலைக் குழுவில் நாலு வருடமாகப் படம் படமாய்ப் போடுகிறோமே தவிர, ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஹேர்னிங்கில் லதீசனின் கண்ணாடிக்கூடு, டோர்ட்முண்டில் வினோஜா குளியலறையில் வளர்க்கும் செடி, பாரிஸில் அல்பேர்ட் வெயில் காட்டுவதற்காக லிஃப்டில் ஏற்றி இறக்கும் சாடி, எல்லாவற்றுக்கும் மேலாகத் துன் நகரில் உம்முடைய மரம். குளிர்நாட்டில் கூரையை முட்டுகிற கறிவேப்பிலை மரத்தை நான் என் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு விசரே? இலை பாக்கிறதுக்கு நாலாயிரம் கிலோமீற்றரோ?" என்றார். பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் நின்று நின்று முதுகு போன மனிசன், காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கமாட்டார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவர் வீட்டில் நிற்கட்டும். ஐம்பத்துநாலு வயதில், மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்தவள் நான். அதை முதியோர் இல்லச் சமையலறைக்குப் போய்வருவதற்கு மட்டும் வைத்திருக்க முடியாது. மகன் யூலியனை இரண்டாவது சாரதியாகக் கேட்டிருக்கிறேன். "பாப்பம் அம்மா" என்கிறான். அவனுடைய "பாப்பம்" என்றால் என்ன என்று எனக்கு இரண்டு வருடமாக விளங்குவதில்லை.

பாரிஸ் முதலா, துன் முதலா என்பதும் விளங்கவில்லை. நீர் ஒரு முடிவு சொல்லும்.

அன்புடன்
யோசெப்பின் அக்கா


துன், சுவிற்சர்லாந்து
30 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்துவிட்டு, இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் அன்றைக்கு எனக்குப் பேச்சு விழுந்தது. பரவாயில்லை.

துன்னைக் கடைசியாக வையுங்கள். முதலில் வந்தால் அடுத்த நாளே ஓடிவிடுவீர்கள். கடைசியில் வந்தால் நாலு நாள் நிற்கலாம். மகளின் அறையைத் தருகிறேன், அவள் என்னோடு படுப்பாள். மரம் வரவேற்பறை மூலையில் நிற்கிறது. போன வருடம் உச்சியை வெட்டினேன், மறுபடி கூரையைத் தொட்டுவிட்டது. நீங்கள் வரும்வரை கத்தி வைக்கமாட்டேன்.

நீங்கள் வெறுங்கம்பு என்று எழுதியதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மண்ணுக்குக் கீழே உயிர் இருக்கும். புளித்த மோரைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். போன தடவையும் இதைத்தான் எழுதினேன், நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா, ஒன்று சொல்லவேண்டும். தமிழ் ஆட்கள் கூடுகிற இடங்களுக்கு நான் போவது குறைவு. இலையையும் பூச்சியையும் மட்டும் கதைக்கிற கூட்டம் இது ஒன்றுதான். அதனால்தான் நானும் இதில் இருக்கிறேன். விதையோடு ஒரு தாளை வைத்து நீங்கள் அனுப்பிய முதல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வருவதை நினைக்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிடமாட்டீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புத் தங்கை
உதயகுமாரி


எல்லிங்ஸ்ருட்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள உதயா,

மோர் ஊற்றினேன். வீடு முழுக்க மணக்கிறது என்று இவர் யன்னலைத் திறந்துவிட, செடி குளிரில் விறைத்துப் போனது. யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை.

பயணம் என் கையை விட்டுப் போய்விட்டது, தங்கச்சி. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். அடுத்த கிழமைக்குள் ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹம்பேர்க்கில் இவருடைய தமையன், தன்னைத் தாண்டிப் போனால் தன் செத்தவீட்டுக்கும் வரவேண்டாம் என்கிறார். பாரிஸில் மாமி முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவ, பார்க்காமல் வரமுடியுமா? நான் வரைபடத்தில் கறிவேப்பிலைக்குப் பச்சையும் சொந்தக்காரருக்குச் சிவப்பும் போட்டேன். இப்போது பச்சையைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. எந்த நாள் எந்த வீட்டில் சாப்பாடு என்று எனக்கே குழம்புகிறது.

எல்லாரையும்விட பேர்ணில் இருக்கிற என் மாமாவின் மகள் மரியரஞ்சனிதான் பெரிய தொல்லை. துன் பேர்ணிலிருந்து அரை மணித்தியாலம்தானே, தன் வீட்டில்தான் நிற்கவேண்டும் என்று ஒரே பிடி. உம்மைப் பற்றிச் சொன்னேன். "ஆரெண்டு தெரியாத வீட்டிலை போய் நாலு நாள் நிப்பியோ? எந்த ஊராக்கள்? எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களோ?" என்றா. நாலு வருடம் எழுதியும் இதைக்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே ஒரு வரி எழுதிவிடும். ஊரில் எந்த இடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்? அப்பாவின் பெயர் என்ன? சொன்னால் மச்சாள் வாயை மூடுவா, நான் உம்முடைய வீட்டில் நிம்மதியாக நிற்பேன்.

சாப்பாட்டில் எனக்கு எதுவும் விலக்கில்லை.

அன்புடன்
யோசெப்பின் அக்கா


துன்
20 மார்ச் 2025

அன்புள்ள யோசெப்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. யூலையில் எனக்கு வேலை கூட இருக்கும் போலத் தெரிகிறது. மகளுக்கும் பரீட்சை. மரத்திலும் செதில் பூச்சி பிடித்துவிட்டது, பார்க்கிற நிலையில் இல்லை. நீங்கள் பாரிஸோடு திரும்புவது நல்லது. அலைச்சலும் குறையும்.

சுகமாக இருங்கள்.

உதயகுமாரி


எல்லிங்ஸ்ருட்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள உதயா,

உம்முடைய கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீர் வழக்கமாக உள்ளே வைக்கிற விதையும் இல்லை, "தங்கை" என்ற சொல்லும் இல்லை.

சுவிஸில் யூலையில் பள்ளிக்கூட விடுமுறை என்று யூலியன் தேடிப் பார்த்துச் சொன்னான். பரீட்சை எப்படி வந்தது? செதில் பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கச் சொல்லிக் குழுவுக்கே படிப்பித்தவர் நீர். அதற்குப் பயந்தா என்னை வரவேண்டாம் என்கிறீர்?

நான் செய்த பிழை என்ன என்று தேடுகிறேன். மோர் விசயத்தில் பகிடி விட்டது பிடிக்கவில்லையா? சொந்தக்காரரைப் பற்றி ஒப்பாரி வைத்ததால், உம்மையும் ஒரு சுமையாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டீரா? நாலு நாள் கூடிப்போய்விட்டதா? அப்படியென்றால் ஒரு நேரம் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன். கோபம் என்றால் கோபத்தைத் திட்டி எழுதும். இப்படி வழவழா என்று எழுதினால் நான் எதைப் பிடிப்பது?

இவர் சொல்கிறார், "விட்டுத் தள்ளு, கண்டு பழகாத சிநேகிதம் இப்பிடித்தான்" என்று. எனக்கு விட மனம் இல்லை. இந்த நாட்டில் எனக்கு முப்பத்தைந்து வருடம். உடன்பிறந்தவர்களிடம் சொல்லாததை எல்லாம் உமக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

யூலியனும் வரவில்லையாம். வேலை என்கிறான். எல்லாருக்கும் யூலையில்தான் வேலை.

யோசெப்பின் அக்கா


துன்
11 மே 2025

அன்புள்ள அக்கா,

திட்டி எழுதச் சொன்னீர்கள். திட்ட வரவில்லை. ஆனால் உள்ளதை எழுதுகிறேன்.

மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, சலவைப் பகுதியில் என்னோடு ஒரு தமிழ் மனிசி வேலை செய்தா. நல்ல சிரிப்பு, நல்ல கதை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தா. இடியப்பமும் சொதியும் வைத்தேன். ரசித்துச் சாப்பிட்டா. கை கழுவிவிட்டு வந்து இருந்துகொண்டு, "ஊரிலை எந்த இடம்?" என்றா. சொன்னேன். "ஓ, அங்கையோ. கோயிலுக்கு வடக்காலையோ தெற்காலையோ?" என்றா. அதையும் சொன்னேன். "ஓம் ஓம்" என்று தலையாட்டினா. அதோடு கதை குறைந்துவிட்டது.

அடுத்த முறை வயிறு சரியில்லை என்று சொல்லி, ஒரு போத்தல் தண்ணீர் கையோடு கொண்டுவந்தா. பிள்ளைகளுக்கும் அதிலிருந்துதான் கொடுத்தா. மூன்றாவது முறை வரவில்லை. போத்தலோடு அவ வந்து போன அன்றைக்கு என் மகள் கேட்டாள்: "அம்மா, எங்கடை வீட்டுத் தண்ணி ஊத்தையோ?" சாதி என்றால் என்ன என்று சுவிஸில் பிறந்த பிள்ளைக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? குழாயில் பிழை என்று பொய் சொன்னேன்.

பிறகும் ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள். தேவை இருக்கும்வரை பழகிவிட்டு எங்களைக் கறிவேப்பிலையாக ஒதுக்கினார்கள். நான் ஆட்களை விட்டுவிட்டேன். உங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் நாலு வருடம் கேட்கவில்லை. நான் அதை உங்கள் குணம் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கேள்வியை அதே சொல்லில் உங்கள் கையெழுத்தில் கண்டபோது எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் கெட்ட மனதோடு கேட்கவில்லை என்று தெரியும். அந்த மனிசியும் கெட்ட மனதோடு கேட்கவில்லை.

உதயகுமாரி


எல்லிங்ஸ்ருட்
1 யூன் 2025

என் அன்புத் தங்கச்சி,

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்துவின் பிள்ளைகள், எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஊரில் எங்கள் தீவில் வேதக்கோயில் ஒன்றுதான். ஆனால் பூசையில் யார் முன் வாங்கில், யார் பின் வாங்கில் இருக்கவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

உமக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை இவருக்கும் நான் சொன்னதில்லை. இரண்டரை வருடத்துக்கு முன்பு நத்தார்ப் பண்டிகைக்கு யூலியன் துஷ்யா என்று ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தான். ஸ்ட்ரோம்மனில் மருந்துக்கடையில் வேலை. அடக்கமான பிள்ளை, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தது. நான் கேட்டேன், "ஊரிலை எந்த இடம் பிள்ளை? கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று. அவள் தகப்பனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் போனதும் நான் ரெலிபோனை எடுத்து நாலு பேரிடம் விசாரித்தேன். யூலியன் அடுத்த அறையில் இருந்திருக்கிறான். அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை. சைவம், வேதம் ஒத்துவரவில்லை என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நானும் அதை நம்பினேன். என் மகன் ஏன் "பாப்பம்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான் என்று உம்முடைய கடிதத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது.

அவனிடம் போய் என் பிழையைச் சொன்னேன். "இப்ப ஏனம்மா சொல்லுறீங்க?" என்றான். துஷ்யாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டான். கொடுத்தானோ தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உதயா, நான் வெட்கப்படுகிறேன். மச்சாள் வீட்டில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டா. ஹம்பேர்க்கையும் விட்டேன். யூலை ஐந்தாம் திகதி தனியாகவே வெளிக்கிடுகிறேன். வேண்டாம் என்றால் பாரிஸோடு திரும்புவேன், உம்மை நொந்துகொள்ளமாட்டேன். வரச் சொன்னால் வந்து உம்முடைய வீட்டுத் தண்ணீரைக் குடிப்பேன். உம்முடைய ஊரை எனக்குச் சொல்லவேண்டாம். நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

உம்முடைய பதிலுக்குக் காத்திருக்கும்
யோசெப்பின்


துன்
22 யூன் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது பதினேழு வயது. "வரட்டும்" என்றாள். நான் இரண்டு கிழமை யோசித்தேன். உங்களை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

வாருங்கள். யூலை பதினாறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேருங்கள். வாகனத்தைக் கட்டடத்துக்குப் பின்னால் விடலாம்.

ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். ஆனால் அக்கா, நீங்கள் கேட்காவிட்டால் நான் நாலு நாளும் ஒளித்துக்கொண்டு திரியவேண்டும். என் வீட்டில் நான் ஏன் ஒளிக்கவேண்டும்? நானே சொல்வேன். ஊரையும் சொல்வேன், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்றும் சொல்வேன், அப்பா என்ன தொழில் செய்தார் என்றும் சொல்வேன். சாப்பிட்டு முடிந்த பிறகு அல்ல. சோற்றைப் போட்டு, கறியை விட்டு, உங்களுக்கு முன்னால் இருந்துகொண்டு சொல்வேன்.

பிறகு உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உதயகுமாரி