தலைமுடிக்குக் கேட்ட வேட்டி

அன்பு மகள் ஆர்த்திக்கு, சக்குபள்ளத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று வாராவாரம் போனில் சொல்கிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன். ஏதாவது குடைந்து கேட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால்தான் பார்சலுக்குள் இதையும் போடுகிறேன், முழுதும் படி.

மழை விட்டபாடில்லை. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது, கம்பத்திலிருந்து ஜீப்பில் ஆட்கள் வருகிறார்கள், அப்பாவுக்கு ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை ஓயவில்லை, முழங்கால் வலி என்று முனகிக்கொண்டேதான் போகிறார். இதற்கு நடுவில் நீ அவருடைய பழைய வேட்டிகளைக் கேட்டாய். புதிது வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்ததாகப் பார்த்து அனுப்பு என்றாய். கனடாவில் துணிக்கா பஞ்சம்? எதற்கென்று கேட்டால் தலை துவட்ட என்கிறாய். நம் பக்கத்தில் நைந்த வேட்டியை எதற்குத் தேடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவோம், உன்னையும் அப்படித்தான் சுற்றினோம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி அப்பன் வேட்டியைக் கேட்டால் பெற்றவள் வேறு என்ன நினைப்பாள்? பெட்டியிலிருந்து வேட்டிகளை எடுத்தேன். வெந்நீரில் போட்டு அலசி, அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட்டேன். அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள் எட்டிப் பார்த்து, என்ன முருகேஸ்வரி, ஆர்த்தி முழுகாம இருக்காளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே என்று கேட்டுவிட்டாள். தல தொவட்டத்தான் கேட்டா, அக்கா என்றேன். ஆமாமா, மொதல்ல அப்படித்தான் சொல்லுவீக என்று சிரித்துக்கொண்டே போனாள். எனக்குக் கோபம் வரவில்லை, உள்ளே குளிர்ந்துதான் போனது. அன்றைக்கே மடிப்புக்குள் ஒரு துண்டு வசம்பும் வைத்தேன், பிள்ளைக்குத் தேடினால் அங்கே எங்கே கிடைக்கும் என்று.

ஆனாலும் நீ சொன்ன கதை மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. வீடியோவில் பார்த்தால் தலையில் வழவழவென்று ஒரு குல்லாய். அதுவும் முடிக்குத்தான் என்றாய், பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சுகிறது, உரசி முடி உடைகிறது என்றாய். குல்லாயைக் கழற்றிக் காட்டு என்றால் பேச்சை மாற்றினாய். முடி கொட்டிவிட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ, யாராவது உன்னை அங்கே கேலி செய்கிறார்களோ என்று என்னென்னவோ ஓடியது. ஆனைக்கரையில் பார்லர் வைத்திருக்கும் ஜோமோளிடம் போய், நீ சொன்னதாகச் சொல்லாமல், சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவளும் நீ சொன்னதையே சொல்கிறாள். சேச்சி, சுருட்ட முடிக்கு எண்ண வேர்லேருந்து நுனிக்கு எறங்காது, அதான் நுனி எப்பவும் காஞ்சு கெடக்கும், தெனம் ஷாம்பு போடாதீங்க, காஞ்ச முடியில சீப்பே வைக்காதீங்க, ஈரமா இருக்கும்போதே கண்டிஷனர் தடவி விரலால சிக்கெடுங்க, டர்க்கி டவலால தேய்க்கவே தேய்க்காதீங்க, பழைய பருத்தித் துணியில பொத்தி வச்சா போதும் என்றாள். நீயும் அவளும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்றுகூட நினைத்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

யாரையும் நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை என் தலையிலேயே செய்து பார்த்தேன். உன் முடி என் முடிதானே. கண்டிஷனர் போட்டு, சொட்டச் சொட்ட விரலால் கோதி, குனிந்து முடியை மொத்தமாக அப்பா வேட்டியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு சமையலைக் கவனித்தேன். அவிழ்த்தால், எப்போதும் தேங்காய் நார் மாதிரி நிற்கிற முடி சுருள் சுருளாகத் தோளில் விழுந்து கிடக்கிறது. அப்பா வந்து பார்த்துவிட்டு, ஏலக்காயும் இப்படித்தான், சூடு கூடுனா வெடிச்சுப்போகும், உம் முடியில இம்புட்டு நாளா ஈரப்பதமே இல்லடி என்று ஸ்டோர் பாஷையில் சொல்லிவிட்டு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நீ சொன்னது நிஜம், வேட்டி முடிக்குத்தான், பிள்ளைக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வேட்டியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வசம்பை எடுத்து அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு எதிலும் சந்தேகம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். சந்தேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. போன வருஷம் வயிற்றில் தங்கியது கலைந்தபோது, சளி பிடித்திருக்கிறது, அதுதான் குரல் அப்படி என்று மாதக்கணக்கில் சொன்னாய். எல்லாம் முடிந்து நீ வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒங்கள ஏம்மா கஷ்டப்படுத்தணும்னுதான் என்றாய். அன்றிலிருந்து நீ தும்மினால் அது தும்மலா அழுகையா என்று பார்க்கிறேன், வேட்டி கேட்டால் அது தலைக்கா தொட்டிலுக்கா என்று பார்க்கிறேன். இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தவள் நீ. பேரப்பிள்ளை வரும்போது வரட்டும், வராவிட்டாலும் அதைப் பற்றி உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், ஊர்க்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அழுகிற அன்றைக்கே என்னைக் கூப்பிடு. கஷ்டப்படத்தானே அம்மா இருக்கிறேன், நீ மறைத்தால் எனக்கு என்ன வேலை?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முருகன் உங்கள் இருவரையும் கூட இருந்து காக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. அடுத்த தடவை வீடியோவில் அந்தக் குல்லாயைக் கழற்றிவிட்டு உட்கார், என் பிள்ளை முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும்.

உன்னைச் சந்தேகப்பட்டாலும் உனக்காகவே இருக்கும்
அம்மா
மா. முருகேஸ்வரி