கரண்டியால் ஊற்றிய எண்ணெய்

மாமா,

இன்று என் கடைக்கு முன்னால் சாலை போடுகிறார்கள். காய்ச்சிய தார் வாசனை கல்லா வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக் கடைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கான்ட்ராக்டரைத் திட்டுகிறார். எனக்கு இது பழகிய வாசனை. சொரியாசிஸ் என்ற தோல் வியாதிக்காரனான எனக்கு டாக்டர் முதன்முதலில் எழுதிக்கொடுத்த களிம்பிலும் தார்தான். கல்யாணமான புதிதில் என் சட்டை, தலையணை, உங்கள் மகள் செல்வியின் புடவை எல்லாம் இப்படித்தான் நாறும். அந்த நாற்றத்தோடுதான் ஏம்பலத்துக்கு, உங்கள் வீட்டுக்கு, தலைதீபாவளிக்கு வந்தேன்.

நாளை உங்களுக்கு முதல் வருஷத் திதி. செல்வி முன்னதாகவே கிளம்பிவிட்டாள். வண்டியில் ஏறும்போது, "செத்தவர் மேல இன்னும் இன்னாங்க கோவம்? வுட்டுடுங்க" என்றாள். விடுகிறவனாக இருந்தால் இந்த மடலை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தலைதீபாவளி அன்று மருமகனை மணையில் உட்காரவைத்து, வீட்டுப் பெரியவர் தன் கையால் உச்சந்தலையில் எண்ணெய் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். பங்காளிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்த பிறகுதான் என் முடியோரத்தில் இருந்த வெள்ளைச் செதிலைப் பார்த்தீர்கள். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "யம்மா, ஒரு கரண்டி எடுத்தா" என்றீர்கள். குழம்புக் கரண்டி வந்தது. எட்ட நின்று ஊற்றினீர்கள். எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது. "தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள, ஒட்டற வியாதின்றாங்க" என்றீர்கள். உங்கள் பங்காளி ஒருவர், "அந்தக் கரண்டியையும் மாப்ளைக்கே சீரா குட்த்துடுபா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எரிச்சலில் கண் திறக்க முடியவில்லை. ஆனால் யார் யார் சிரித்தது என்று குரலை வைத்தே கணக்கெடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டீர்களா? "சரியாவட்டும், அப்பறமா அனுப்பறேன்" என்று செல்வியை நிறுத்திக்கொண்டீர்கள். பொங்கல் கழிந்து அவளாகத்தான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். நேரில் "வாங்க மாப்ள" என்ற வாய், முதுகுக்குப் பின்னால் "அந்தச் சொறியன்" என்றது. அப்போது நான் அரிசிக் கடை வைத்திருந்தேன். உங்கள் ஊரும் சுற்றுப்பட்டும்தான் எனக்கு வாடிக்கை. 'அவன் கை பட்ட அரிசி' என்று நீங்கள் சொன்ன சொல் கடைகடையாக இறங்கி, மூட்டைகள் வண்டு விழுந்து கிடந்தன.

அரிசியை விட்டுவிட்டு மோட்டார், பி.வி.சி. பைப் என்று மாறினேன். பைப்பை யாரும் சமைத்துத் தின்பதில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச உங்கள் பங்காளிகளே என் கடைக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஒருவகையில் என்னைப் பெரிய வியாபாரியாக்கியது உங்கள் வாய்தான். அதற்காக நன்றி சொல்லமாட்டேன்.

இதற்கிடையில் என் வியாதியை நான் படித்துக்கொண்டேன், சரக்கைப் படிக்கிற மாதிரி. புதுச்சேரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். "இது கிருமி இல்லீங்க, ஒட்டறதுக்கு. உடம்பைக் காக்கற செல்லுங்கதான் இப்படிப் பண்ணுது. டி-செல்னு பேரு. எதிரியே வரல, ஆனா வந்துட்டான்னு நெனச்சித் தோல்ல போயி சத்தம் போடுது. அந்தச் சத்தத்துல தோல் அவசர அவசரமா வளந்து செதிலாக் கொட்டுது." களிம்பு, வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை என்று போய், கடைசியில் அந்தச் சத்தத்தை மட்டும் அடக்குகிற ஊசி எனக்கு ஒத்துவந்தது. தோல் தெளிந்தது. நேராக ஏம்பலம் வந்து, அரைக்கைச் சட்டையோடு உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். பார்த்தீர்கள். மோட்டார் விலையை விசாரித்தீர்கள்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம் மாமா. 'அது ஒட்டாது, நான் சொன்னது தப்பு.' அதை ஏம்பலத்தில், அன்று சிரித்தவர்கள் முன்னால், உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என் மகள் முழங்கையில் செதில் விழுந்து, அவள் கல்லூரிக்கு முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து, அந்த வாக்கியம் எனக்காக மட்டும் வேண்டியதாக இல்லை.

பிறகு உங்களுக்கே வந்தது. காதுக்குப் பின்னால் இருந்ததை முதலில் கண்டது நான்தான். திருடனுக்குத் திருடன் தெரிவான். வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்ட ஆரம்பித்தீர்கள். பாகூர்ப் பக்கம் எவனோ ஒருவனிடம் போய் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் வாங்கி, கொஞ்ச நாள் பளபளவென்று இருந்தீர்கள். சர்க்கரை ஏறியதும் பயந்து சட்டென்று நிறுத்தினீர்கள். அடக்கி வைத்தது மொத்தமும் திமிறிக்கொண்டு எழுந்தது. உடம்பெல்லாம் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம், காய்ச்சல், நடுக்கம். உங்கள் மகன் எனக்கு போன் செய்து, "மாமா, அப்பாவத் தொடவே பயமா இருக்குது" என்றான். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பாசத்தில் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

புதுச்சேரியில் என் டாக்டரம்மா இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே உங்களைச் சேர்த்தோம். நர்ஸம்மா, தோல் காயக்கூடாது, உடம்பு முழுக்க அடிக்கடி பாரஃபின் தடவுங்கள் என்று டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் கையுறை வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினவன், நெடுநேரம் மேலே வரவில்லை. நான் வெறுங்கையால் எடுத்தேன். உங்கள் முதுகில், அக்குளில், பாதத்தில், அன்று தொட மறுத்தீர்களே, அதே உச்சந்தலையில் தடவினேன். குனிந்து உங்கள் காதில் கேட்டேன். "எட்ட நின்னு ஊத்தட்டா மாமா? கரண்டி எடுத்தாரச் சொல்லட்டா?"

உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. மெதுவாக, "தப்புதான் மாப்ள. ஒட்டாதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றீர்கள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குதான் முன்னமே தெரியுமே. ஏம்பலத்துல சொல்லுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினீர்கள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, "எம் மருமவனுக்குப் போட்ட ஊசியவே எனக்கும் போடும்மா" என்று கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "மூலம் ஒண்ணுதாங்க ஐயா. ஆனா அவருக்கு முன்னாடி நின்னு ஆடறது டி-செல். உங்களுக்கு நியூட்ரோபில்னு இன்னொரு கூட்டமும் தோலுக்கு ஓடியாந்து குமிஞ்சிடுச்சி. அதான் சீழாத் தெரியுது. அதுலயும் கிருமி கெடையாது. எந்தக் கூட்டம் முன்னாடி நிக்குதோ அதைப் பாத்துத்தான் மருந்து. அதுவுமில்லாம, உங்க நெஞ்சு எக்ஸ்ரேல பழைய டி.பி. தழும்பு தெரியுது. காவலைக் கொறைக்கிற ஊசி போட்டா அது முழிச்சிக்கப் பாக்கும். அதைச் சோதிச்சிட்டு, தேவைன்னா அப்பறம் பாக்கலாம். இப்போதைக்கு மாத்திரை." நல்ல டாக்டர். சொன்னதும் சரி, கொடுத்ததும் சரி. உங்களுக்குச் சீழ் வற்றியது, காய்ச்சல் விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பங்காளிகள் பார்க்க வந்தார்கள். அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நீங்கள் நாற்காலியில், நான் பக்கத்தில். கரண்டியைச் சீராகக் கொடுக்கச் சொன்னவரே கேட்டார்.

"இன்னாபா, மாப்ளைக்கு இருக்கறதே ஒனக்கும் வந்துடுச்சாமே?"

நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சே! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எனக்கு வேற செல்லு, அவருக்கு வேற செல்லு. மருந்தே வேற குடுத்தாங்கன்னா பாத்துக்கயேன்" என்றீர்கள்.

மாமா, நான் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவன். எடையில் ஏமாற்றுகிறவன், கலப்படம் செய்கிறவன் எல்லோரையும் தெரியும். உண்மையான சரக்கையே எடுத்து, அதை வைத்தே பொய்யை விற்றது நீங்கள் ஒருவர்தான். உங்கள் உயிரைக் காப்பாற்ற டாக்டர் பிரித்துச் சொன்னதை, ரத்தத்திலேயே நீங்கள் உயர்ந்தவர் என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்னொரு நாள் வரும், எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அதிலும் என்னை ஏமாற்றினீர்கள்.

உங்கள் கருமாதிப் பந்தியில் என் மகள் சாதக்கூடையைத் தூக்கினாள். வேலை செய்கிற மும்முரத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தாள். அவள் முழங்கையைப் பார்த்த பெரியம்மா ஒருத்தி, "நீ பரிமாறாத கண்ணு. அப்பங்கிட்டருந்து ஒட்டிக்கினுது பாரு" என்றாள். நான் எழுவதற்குள் பிள்ளையே பதில் சொல்லிவிட்டாள்.

"ஒட்டல பெரிம்மா, வழிவழியா வருது. அப்பாகிட்டருந்து மட்டுமில்ல, தாத்தாகிட்டருந்தும்தான். ரெண்டு பக்கமும் இருந்தா வர வாய்ப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாங்க. மாமா நெலத்த எடுத்துக்கினாரு, எனக்குத் தாத்தா சொத்துல வந்த பங்கு இதான். சாதம் போடட்டா, வேணாவா?"

இரண்டு பேர் இலையை மூடிக்கொண்டு எழுந்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பெரியம்மா முதலில் கையைப் பின்னால் இழுத்தாள். பிறகு பசியோ வெட்கமோ, இலையை நகர்த்திக் காட்டினாள்.

அந்த இரண்டு பேருக்காகத்தான் நாளைக்கு வருகிறேன்.

போன மாதம் என் பழைய இடத்திலேயே லேசாகச் சிவந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். தோல் ஆறின பிறகும் சில டி-செல்கள் அதே இடத்தில் ஞாபகத்தோடு தங்கிவிடுமாம். எங்கே சண்டை போட்டோம் என்பதை அவை மறக்காதாம். "கவலப்படாதீங்க, அடக்கி வச்சிக்கலாம்" என்றார். எனக்குக் கவலையே இல்லை. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளை படையல் முடிந்து எல்லோரும் உட்காரும்போது, நான் உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறேன். செல்வி முறைப்பாள். மச்சான் தலையைக் குனிந்துகொள்வான். இலையை மூடினவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் சொல்லாமல் போனதைச் சொல்வேன். "எம் மாமனாருக்கும் எனக்கும் ஒரே வியாதி. அது ஒட்டாது. அவரு சொன்னது தப்புன்னு ஆஸ்பத்திரிப் படுக்கைல எங்கிட்ட ஒத்துக்கினாரு." அடுத்த வருஷத் திதிக்கும் சொல்வேன். அதற்கடுத்த வருஷமும். உங்களை நினைக்கிறவர்கள் எல்லோரும் இதையும் சேர்த்தே நினைக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை