வேன்காரர் சொன்ன பதில்கள்

மார்ச் 4
இன்று சர்க்கரை நோய்ப் பிரிவில் பதினொரு பேர். சர்க்கரை எவ்வளவு என்று ரத்தம் சொல்லிவிடும். அந்தச் சர்க்கரையோடு ஆள் எப்படி இருக்கிறார் என்று ஆய்வுக்காகக் கேட்டு எழுதுவது என் வேலை. இருபது கேள்வி. முக்கால்வாசிப் பேர் "ஏதோ ஓடுதும்மா" என்கிறார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மார்ச் 11
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வந்தார். இன்சுலின் போட ஆரம்பித்து ஆறு வருஷம். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லை". சர்க்கரை திடீரென்று இறங்கித் தடுமாறியதுண்டா என்றதும் என் பேனாவையே பார்த்தார்.
"இது டாக்டருக்குப் போகுமா?"
"போகாதுண்ணே. பேரே இருக்காது, நம்பர்தான்."
"அப்ப எழுதிக்க தங்கச்சி. இந்த மாசம் ரெண்டு தடவை. ஒரு தடவை வண்டியிலயே. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஓரமா நிறுத்தி மிட்டாயை வாயில போட்டேன். பின்னாடி பிள்ளைங்க பாடிட்டு இருந்துச்சுங்க."
அப்புறம் மடை திறந்தது போல் பேசினார். கால் எரிச்சல், பயம், மனைவிக்குத் தெரியாமல் அழுதது. "இப்படி உக்காந்து யாரும் கேட்டதில்லம்மா."

மார்ச் 12
வேனில் பதினாலு பிள்ளைகளாம். ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான்.

மார்ச் 13
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். வேன்காரரைக் கூப்பிட்டு வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி, பள்ளிக்கும் எழுதிவிட்டார். டாக்டரிடம் போகுமுன் வேன்காரரிடம் நானே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மார்ச் 20
வேன்காரருக்கு வேலை போய்விட்டது. அவர் மனைவி வந்து என் மேசை முன்னால் நின்றார். "எங்கிட்டகூட சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்காரு." அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
சரியாத்தானே செஞ்சேன்? பிள்ளைங்க உசுரு — சரிதான். சரின்னா ஏன் அந்த அம்மா முகமே கண்ணு முன்னாடி நிக்குது?

ஜூன் 12
மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். வந்தார், பாதி ஆளாய். பேனாவை வாங்கி எல்லாக் கேள்விக்கும் "இல்லை" கட்டத்தில் அவரே டிக் போட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை. வலது காலில் கட்டு, அழுக்காய்.
"கால்ல என்னண்ணே?"
"ஒண்ணுமில்லீங்க மேடம்."
மேடம்.

ஜூன் 30
ஆய்வுக் கூட்டத்தில் வேன்காரரின் நம்பரைத்தான் காட்டினார்கள். எல்லாரையும்விட முன்னேற்றம் அதிகமாம். "அது உண்மை இல்லை டாக்டர்" என்றேன். "அவரே சொன்னதுதானே" என்றார்.

ஜூலை 9
வேன்காரருக்கு வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வார்டுக்குப் போய் எழுதி வரச் சொன்னார்கள். படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
"கேக்கலையா?"
"இல்லண்ணே."
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் கிளப்பிவிடும்வரை அங்கேயே இருந்தேன். அவர் திரும்பவில்லை.